கடல்நீரில் நனைத்த கையுறை

டெலவேர் ஆற்றங்கரை,
டிசம்பர் 1776

அன்புள்ள தபித்தாவுக்கு,

நான் நலம். உன் இருமல் விட்டதா?

பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் மீனவர்கள் நாங்கள்தான் துடுப்புப் போட்டு நம் விடுதலைப் படை மொத்தத்தையும் அக்கரை சேர்த்தோம். எதிரி எதிர்பார்க்கவே இல்லை, வென்றுவிட்டோம்.

ஆனால் கிளெமென்ட் என்றொரு பீரங்கிக்காரன், உதவி செய்வதாக நினைத்து, நீ பின்னிய கம்பளிக் கையுறையை நெருப்பில் காட்டிக் கருக்கிவிட்டான்.

"ஈரமா இருந்துச்சுண்ணே."

"ஈரமா இருந்தாத்தாண்டா காத்து புகாது. மீன்காரனைக் கேட்டுட்டுச் செய்ய மாட்டியா?"

திரும்பும்போது வெறுங்கையால் துடுப்புப் போட்டேன். விரலெல்லாம் இருக்கிறது, பயப்படாதே. எழுத்துதான் கோணல்.

புதிதாக ஒரு ஜோடி பின்னு. இந்த ஆற்றில் உப்பில்லை. நம் துறைக் கடல்நீரிலேயே நனைத்து, கம்பளி இறுகும்வரை மிதித்துச் சுருக்கி அனுப்பு. அலசிவிடாதே. கடல் வாடை அப்படியே இருக்கட்டும்.

கூப்பிடுகிறார்கள். மறுபடியும் ஆற்றைக் கடக்க வேண்டுமாம்.

வெறுங்கையோடு,
உன் எலியாக்கிம்