மூன்று துருக்கோடுகள்

மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். இப்படி எழுதுவது பழக்கத்தால், பொருட்படுத்தாதே.

உன் மருமகன் போய் நான்கு மாதமாகிறது. போன வாரம்தான் அவன் அறையைத் திறந்தேன். கடைசி விடுமுறையில் அவன் ஒட்டத் தொடங்கிய மாதிரி டாங்கி மேசைமேல் இருக்கிறது. அவன் ஓட்டிய அதே வண்டி, முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில், ஒரு சாண் நீளம். பச்சை அடித்து முடித்திருக்கிறான். பெட்டிக்குள் எனக்கு ஒரு சீட்டு: "அப்பா, கலர் நான் அடிச்சுட்டேன். அழுக்கு பண்றது உங்க வேலை. இருபத்தெட்டு வருஷமா பாலத்துத் துருவைப் பாத்துப் பாத்து கையெழுத்து போடறீங்களே, அது எதுக்காவது உதவட்டும். அடியையும் விடாதீங்க. ஏமாத்தக் கூடாது."

ஆகவே முடிக்கப்போகிறேன். மனம்போன போக்கில் சேறு பூச எனக்கு விருப்பமில்லை. ஆற்றிலிருந்து தூக்கிய காலையில் வண்டி எப்படி இருந்ததோ அப்படியே செய்யவேண்டும். அவன் கடைசியாக இருந்த இடம் அது. தூக்கவைத்ததும் கழுவவைத்ததும் பணிமனை மேற்பார்வையாளனான நீதான். விசாரணைக் குழு எனக்குப் படம் எதையும் காட்டவில்லை. 'ஓட்டுநர் வண்டியடியின் வடிகால் துளைக்கான அடிமூடியை மூடாமல் ஆற்றில் இறக்கியதே விபத்துக்குக் காரணம்' என்று முடியும் நான்கு பக்க அறிக்கையை மட்டும் அனுப்பியது.

அவனோடு இறந்த பீரங்கிக்காரனின் தந்தைக்கும் அதே அறிக்கை போயிருக்கிறது. போன மாதம் எங்கள் வாசலில் வந்து நின்றார். "உங்க பையன் தூங்கிக்கிட்டே வண்டி ஓட்டினானா? போனவன் தனியா போகக்கூடாதா? என் பிள்ளையையும் சேத்துல்ல முழுங்கிட்டான்" என்றார். உன் அக்கா முன்னால் வந்து கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் படி இறங்குவதில்லை.

சேறு எவ்வளவு உயரம், என்ன நிறம் என்று எழுது.

இப்படிக்கு,
அத்தான்


மார்ச் 13

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதத்தைப் பணிமனையில் பிரித்தது தப்பு. முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மிச்சத்தைப் படித்தேன்.

முதல் நாள் அவனை அந்த வண்டியிடம் அழைத்துப் போனது நினைவுக்கு வருகிறது. "மாமா, வாய்க்கு வாய் மாப்ள மாப்ளங்கிறீங்க, பொண்ணு எங்க?" என்றான். "இதோ நிக்கிறா பாரு, நாப்பது டன்னு. கண்கலங்காம வச்சுக்கோ" என்றேன். குனிந்து அதன் சங்கிலிப்பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பணிமனையே சிரித்தது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சேறு சாம்பல் நிறம், களிமண். காய்ந்த இடத்தில் வெளுத்து, பழைய சுண்ணாம்புபோல் பொருக்கு விட்டிருந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்து கிடந்ததால் அந்தப் பக்கத்துச் சக்கரங்கள் ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கம் பாதி வரைதான். ஒரே உயரத்தில் பூசிவிடாதீர்கள். பெயின்ட் உரிந்த முனைகளில் புதுத்துரு, ஆரஞ்சு நிறம். ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்து வந்தது, தொட்டால் கையோடு வரும். அதைக் கொஞ்சமாகத் தொட்டு வையுங்கள், போதும்.

அக்கா சாப்பிடுகிறாளா? போனை எடுக்கிறாள், 'ம்' என்கிறாள், வைத்துவிடுகிறாள்.

உங்கள் மச்சான்


மார்ச் 27

அன்புள்ள மச்சானுக்கு,

உன் கடிதம் பெரிதும் உதவியது. நீர்த்த கறுப்பைத் திருகாணிகளைச் சுற்றி ஓடவிட்டேன். கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டால் பெயின்ட் உரிந்த புள்ளிகளை ஒற்றினேன். முதலில் அளவு மீறி, வண்டிக்கு அம்மை கண்டதுபோல் ஆயிற்று, பாதியைத் துடைத்தெடுத்தேன். சாம்பல் நிறப் பொடியை டர்பன்டைனில் குழைத்து இடப்பக்கம் அப்பியாயிற்று. அவன் இருந்திருந்தால், "பரவாயில்லையே, அரசாங்க ஆளுக்கு இவ்வளவு வேகமா?" என்றிருப்பான்.

இரண்டு இடம் மீதி. ஒன்று, எஞ்சினை மூடும் பின்தட்டு. மற்றது வண்டியின் அடி; அவன் சீட்டில் எழுதிவைத்துவிட்டதால் அதை விடமுடியாது. நீ பார்த்ததைப் பார்த்தபடி எழுது.

உன் அக்கா அந்த அறைப்பக்கம் வருவதில்லை. டர்பன்டைன் வாடை தலைவலி தருகிறது என்கிறாள்.

அத்தான்


ஏப்ரல் 5

அன்புள்ள அத்தானுக்கு,

அடிதான் சுலபம். கிரேன் தூக்கிப் பிடித்திருந்தபோது கீழே படுத்துப் போய்ப் பார்த்தேன். கொத்தனார் பூசியதுபோல் ஒரே மட்டமாகக் களிமண். நடுவில் மட்டும், பூச்சுக்கு அடியில் காசு வைத்தாற்போல், அடிமூடியின் வட்டம் லேசாக மேலெழும்பித் தெரிந்தது. அதன்மேலும் சேறு விரிசல் இல்லாமல் படிந்திருந்தது. மெல்லிய வட்டத் தகடு ஒன்றை ஒட்டி, அதற்கு மேல் பூசினால் அச்சாக வரும்.

பின்தட்டில் கவனம் வேண்டும். அதன் இடுக்கிலிருந்து கீழ்நோக்கி மூன்று துருக்கோடுகள். நடுக்கோடு நீளம், மற்ற இரண்டும் அதில் பாதி. இது ஆரஞ்சு அல்ல, காபித்தூள் நிறம். பழசு, ஊறிப்போனது. கழுவும்போது கம்பி பிரஷ் போட்டும் போகவில்லை. புதுத்துருவோடு கலந்துவிட்டால் பார்ப்பவர்கள் தெரியாத கை என்று சொல்லிவிடுவார்கள்.

முடிந்ததும் ஒரு போட்டோ அனுப்புங்கள். மாப்ள சார்பில் நான் பார்க்கிறேன்.

மச்சான்


ஏப்ரல் 9

மச்சானுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை நிறங்களுக்காக. இரண்டாம் முறை தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு. மூன்றாம் முறை விசாரணை அறிக்கையைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு.

அடிமூடி திறந்துகிடந்ததைக் கண்டதாகச் சாட்சி சொன்னவர் ஒரே ஒருவர்: பணிமனை மேற்பார்வையாளர். திறந்த துளைக்குள் சேறு இறங்கும்; காசு வைத்தாற்போல் மேலெழும்பி நிற்காது. நீ கீழே படுத்துப் பார்த்தது மூடியிருந்த மூடி. என் மகன் மூடிய மூடி.

இனி மூன்று கோடுகள். பாலத்தின் இணைப்பொன்றில் காபித்தூள் நிறத்தில் அப்படி ஒரு கோட்டைக் கண்டால், 'குறைந்தது இரண்டு மழைக்காலமாகக் கசிகிறது' என்று எழுதிக் கையெழுத்திடுவேன். ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய நாள், அதே இடுக்கைப் பார்த்துவிட்டு, 'ரப்பர் அடைப்புகள் சரி' என்று எழுதி நீ கையெழுத்திட்டாய். அது அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் உன் கையெழுத்தின் வழியாக உள்ளே வந்திருக்கிறது.

உனக்கு நான் கண்ணி வைக்கவில்லை. சரியான நிறம் தெரியவேண்டும் என்பதற்கு மேல் எனக்கு ஒரு நோக்கமும் இருக்கவில்லை. இறந்தவனைக் குற்றவாளியாக்க ஒரு வரி போதுமென்று கண்ட நீ, ஒரு பொம்மை வண்டிக்கு இரண்டு பக்கம் உண்மை எழுதியிருக்கிறாய். இந்த நேர்மையை எங்கே வைத்திருந்தாய் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் குழுவுக்கு நீயே எழுது. தவறினால் உன் இரண்டு கடிதங்களும் குழுவுக்குப் போகும். நகல்கள் பீரங்கிக்காரனின் தந்தைக்குப் போகும். அதன்பின் அவர் எந்த வாசலில் வேண்டுமானாலும் போய் நிற்கட்டும்.

அத்தான்


ஏப்ரல் 20

அன்புள்ள அத்தானுக்கு,

அன்புள்ள என்று எழுத எனக்கு உரிமையில்லை. வேறு எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

புது ரப்பர் கேட்டு மூன்று தடவை எழுதினேன். "வரும்போது வரும், வண்டி இறங்கட்டும்" என்றார்கள். கிரீஸை அப்பினேன். ஒரு தடவைதானே, தாங்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். வண்டிக்குள் ஏறுவதற்கு முன் அவன் கேட்டான்: "மாமா, பின்னாடி ஓக்கேவா?" நான், "மாமா பாத்துட்டேன்டா மாப்ள, நீ போ" என்றேன். அதற்குமேல் அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

வண்டியைக் கழுவி முடித்தபின் குழுவின் முன்னால் வாய் தானாகப் பொய் சொன்னது. நீங்கள் கேட்டது குழு கேட்ட மாதிரி இல்லை. வண்டி எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். இருபது வருடமாக அதற்கு எனக்கு ஒரே பதில்தான் தெரியும்.

இன்னொன்று. அக்காவுக்குத் தெரியும். வண்டியைத் தூக்கிய அன்றைக்கே, ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் காலைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். என் கையைக் காலிலிருந்து விலக்கினாள். பிறகு, "எந்திரி. அத்தான்கிட்ட மட்டும் மூச்சு விடாத" என்றாள்.

நான் குழுவுக்கு எழுதினால் என்னை ஜெயிலில் போடுவார்கள். போடட்டும். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், அன்றே எழுதுகிறேன்.

மச்சான்


மே 2

பணிமனை மேற்பார்வையாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் இருபத்துநான்காம் தேதி கிடைத்தது. தங்கள் அக்காவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை மற்ற இரண்டோடும் மேசை இழுப்பறையில் வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, காபித்தூள் நிறப் பொடியை நனைத்து, மெல்லிய தூரிகையால் மூன்று கோடுகளையும் இழுத்தேன். நடுக்கோடு நீளம், மற்ற இரண்டும் அதில் பாதி. இத்தனை காலத்தில் நான் செய்த வேலைகளில் பிழையில்லாதது அதுதான்.

இனி வார்னிஷ் மட்டுமே மீதி. அது ஏறும்வரை பொடி நிலையில்லாதது; ஈரத்துணி பட்டால் வந்துவிடும். திங்களன்று வேலையிலிருந்து திரும்பியபோது அறை திறந்திருந்தது. பின்தட்டில் மூன்று கோடுகளும் இல்லை. பச்சை தெரியத் துடைத்து, துணியை நான்காக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தாள். இழுப்பறை காலியாக இருந்தது.

அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கடுதாசி எங்க?"

"அடுப்புல."

"மூணுமா?"

"ம்."

"பழி அவன் தலையில நிக்குதே. உனக்கு வலிக்கலையா?"

கத்தியை வைத்தாள். "வலிக்குது. வலிச்சா அவன் வந்துருவானா? எனக்குன்னு இருக்கிறது தம்பி ஒருத்தன்தான். அவனையும் கொண்டுபோய் உள்ள வைக்கப் பாக்கிறீங்க."

ஒருத்தன்தான் என்றாள். எதிரில் நின்றுகொண்டிருந்த நான் அதைத் திருத்தவில்லை. தாங்கள் கேட்கச் சொன்ன அந்த ஒரு வார்த்தை இதுதான். நான் கேட்காமலே கிடைத்தது. அன்றே எழுதுவதாகச் சொன்ன தாங்கள், இனி எழுதவேண்டியதில்லை என்று நிம்மதியாக மூச்சு விடலாம்.

மறுநாள் பீரங்கிக்காரனின் தந்தையைப் பார்க்கப் போனேன். பேச வாயெடுத்ததும், "கையில ஏதாவது வச்சிருக்கீங்களா, இல்ல சும்மா வாயிலயா?" என்றார். வெறுங்கையைப் பார்த்தார். கதவைச் சாத்தினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கதவு சாத்தும் கலை எங்கள் வீட்டில்தான் அவருக்குக் கற்பிக்கப்பட்டது.

துடைத்த இடத்தைத் துடைத்தபடியே விட்டு, வார்னிஷ் அடித்து முடித்துவிட்டேன். அறிக்கையோடு முற்றிலும் ஒத்துப்போகிற வண்டி. இதனுடன் பார்சலில் வருகிறது. தாங்கள் போட்டோதான் கேட்டீர்கள், வண்டியையே வைத்துக்கொள்ளுங்கள். நலம் விசாரிக்க வேண்டுமானால் தங்கள் அக்காவுக்கு எழுதுங்கள். அவள் பதில் போடுவாள். நான் போடமாட்டேன்.

துடைத்தவளுக்கு வண்டியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அடியில் ஒரே மட்டமாகக் களிமண் இருக்கிறது. நடுவில், பூச்சுக்கு அடியில் காசு வைத்தாற்போல், வட்டம் தெரிகிறது. தாங்கள் சொன்னபடியே செய்திருக்கிறேன். மூடியைப் பசைபோட்டு ஒட்டி, மேலே இரண்டு பூச்சு வார்னிஷ் கொடுத்திருக்கிறேன். நகத்தால் சுரண்டினாலும் வராது.

இப்படிக்கு,
ஓட்டுநரின் தந்தை