கம்பியில் தொய்வு விடச் சொன்ன அண்ணனுக்கு

என் பிரியத்துக்குரிய அண்ணே,

நீ எங்களை விட்டுப் போய் எட்டு மாதமாகிறது. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அப்போது எனக்கே தெரியாது.

சுருளிப்பட்டித் தோட்டத்தில் விழுந்துபோன பாதித் திராட்சைப் பந்தலை மறுபடியும் போடுகிறோம். கல்தூண்களை நட்டாயிற்று. நாளைக்குக் காலையில் கம்பி இழுக்கிறார்கள். மதினிதான் முன்னால் நின்று எல்லாம் பார்க்கிறார்.

நம் பக்கத்தில் பந்தல் பார்க்க வருகிறவர்கள் காயைப் பார்க்கிறார்களோ இல்லையோ, கம்பியைச் சுண்டிப் பார்ப்பார்கள். ணங்கென்று கேட்டால்தான் தோட்டக்காரனுக்கு மரியாதை. பழைய பந்தலுக்குக் கம்பி இழுத்த அன்றைக்கு நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கம்பிக்குக் கொஞ்சம் தொய்வு வேணும்த்தா. காய் பாரம் ஏறுனா அது எங்கிட்டுப் போகும்?" என்றாய். நான் எம்.எஸ்சி. கணக்கு படித்தவள் இல்லையா? அத்தனை ஆட்கள் முன்னால், "நேரா நிக்கிற கம்பிதான் நல்லாத் தாங்கும், இதுகூடவா தெரியாது?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே ஆட்களிடம் திரும்பி, "டீச்சர் சொல்றாகல்ல, இழுங்கப்பா" என்றாய்.

பழம் கறுத்து, அறுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது ஓரத்துத் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. கம்பியைச் சரியாக இழுக்காமல் விட்டிருப்பான் என்று ஊர் உன்னைத்தான் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் உன்னிடமே கேட்டேன். நீ வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு கிணற்றுப் பக்கம் போய்விட்டாய்.

போன வாரம் பள்ளியில் மதிய இடைவேளை. பிளஸ் ஒன் வகுப்புக்குச் சார்புகள் பாடம் தயார் செய்துகொண்டிருந்தேன். இணையத்தில் வரைபடம் போடும் கால்குலேட்டர் ஒன்று இருக்கிறது. சமன்பாட்டைத் தட்டினால் அந்த நொடியே வளைகோட்டைப் போட்டுக் காட்டும். எண்ணை மாற்ற ஒரு ஸ்லைடர் உண்டு, விரலால் தள்ளினால் கோடும் கூடவே மாறும். நம் ஊர் உதாரணமாக இருக்கட்டுமே என்று பந்தல் கம்பியை எடுத்தேன். தூணுக்குத் தூண் உள்ள தூரம், குலைகளின் பாரம், நடுவில் கம்பி இறங்கும் தொய்வு. தூணை இழுக்கும் விசையைத் தாளில் போட்டுப் பார்த்தால் தொய்வு வகுக்கும் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சமன்பாட்டை அப்படியே கால்குலேட்டரில் தட்டினேன்.

தொய்வைப் பாதியாக்கினேன். தூணை இழுக்கும் விசை இரண்டு மடங்கானது. பூஜ்யத்தை நோக்கி ஸ்லைடரைத் தள்ளத் தள்ளக் கோடு திரையின் உச்சியைத் தாண்டி ஏறிப் போய்விட்டது. திரையைச் சுருக்கினேன், அதற்கு மேலும் ஏறியது. மறுபடி சுருக்கினேன். முடிவே இல்லை அண்ணே. விறைப்பாகக் கட்டிய துணிக்கொடியில் ஈரச்சேலையைப் போட்டால் ஆணியே பிடுங்கிக்கொண்டு வருமே, அதேதான். ஒன்றை எக்ஸால் வகுக்கும் இந்தச் சார்பை எத்தனை வருஷமாகக் கரும்பலகையில் போடுகிறேன்! தோட்டத்தில் நின்றபோது அது ஏன் என் கண்ணில் படவில்லை?

அன்று மாலையே மதினியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"உங்க அண்ணனுக்கு அது விழுந்த அன்னைக்கே தெரியும். 'அவ கணக்கு டீச்சரு. அவ சொன்னது தப்புன்னு ஊருக்குள்ள வந்துறக் கூடாது. என்னயச் சொன்னாச் சொல்லிட்டுப் போறாக'ன்னு சொன்னாக" என்றார்.

அழுதேன். பிறகு உன்மேல்தான் கோபம் வந்தது. யார் கேட்டார்கள் உன் பெருந்தன்மையை? ஒரே ஒரு தடவை என்னைத் திட்டியிருந்தால் உனக்கு என்ன குறைந்திருக்கும்? ஒரு சொல் கேட்டுத் தாங்க மாட்டேன் என்றா நினைத்தாய்?

நேற்று தோட்டத்துக்குப் போனேன். பந்தல் மேஸ்திரி பிடிவாதமாக நின்றார். "தொங்க விட்டா பாக்குறவக சிரிப்பாக டீச்சர்."

"சிரிக்கட்டும். இதைக் கொஞ்சம் தள்ளிப் பாருங்க" என்று போனை அவர் கையிலேயே கொடுத்தேன். அவர் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டு ஸ்லைடரை மெள்ளத் தள்ளினார்.

"ஆத்தாடி, எங்கன போயிருச்சு!" என்றவர், ஸ்லைடரைப் பின்னால் இழுத்து மறுபடியும் தள்ளிப் பார்த்தார். "அப்ப அன்னைக்கு அண்ணன் சொன்னதுதான் சரியா?"

நாலைந்து ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆனாலும் சொன்னேன். "அண்ணன் சொன்னதுதான் சரி. இழுக்கச் சொன்னது நான். பந்தல் விழுந்தது என்னாலதான்."

மதினி அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

நாளைக்கு அளவு டேப்போடு முதல் தூணிலிருந்து கடைசித் தூண்வரை நானே நடப்பேன். தொய்வை அளக்காமல் ஒரு கம்பியையும் கட்ட விடமாட்டேன். அது என் வேலை, செய்துவிடுவேன். உனக்குக் கொடுக்கிற வாக்கு வேறு. கம்பம் டவுனிலோ சுருளிப்பட்டியிலோ அந்தப் பழைய பந்தலைப் பற்றி யார் வாய் திறந்தாலும், குற்றம் என்னுடையது என்று சொல்வேன். யாரும் வாய் திறக்காவிட்டால், நானே பேச்சை எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் பேச்சைக் கேட்காத தங்கச்சி,
செல்வி