பூஜை போட்ட இன்ஜின்

பிப்ரவரி 10, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். காற்று மணலி பக்கமிருந்து. வாயைத் திறந்தால் கந்தக நெடி. தெருமுனையில் கன்டெய்னர் லாரிக்காரனை இறக்கிப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவை உரசினானாம். "கண்ணு பொடனிலயா கீது உனுக்கு?" நின்று பார்த்தேன். கம்பெனிக்கு லேட்.

மாலை ஷெட். விமானப் பதிவேட்டில் எழுதியவை: ஆயில் மாற்றியது. ஸ்பார்க் பிளக் புதுசு. இடது சக்கர பிரேக் சரி செய்தது. ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்து. அந்தச் சின்ன விமானத்தைக் கட்டியது தம்பி தேவாவும் என் வீட்டுக்காரரும். தகடு வெட்டியது, ரிவெட் அடித்தது, நடுநடுவே ஒருத்தரையொருத்தர் அடித்துக்கொண்டது எல்லாம் அவர்கள். காகிதம் மட்டும் நான். கம்பெனி ஸ்டோரில் ரசீது இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடாதவள் என்பதால் இந்தப் பதவி.

ஞாயிற்றுக்கிழமை தேவா முதல் தடவை அதில் பறக்கிறான். ஆந்திரா எல்லையில் ஒரு தனியார் ஓடுதளம், அனுமதி கொடுக்கிற பரிசோதகர் வருகிறார். நேற்று பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, இன்ஜினுக்கு மஞ்சள் துணி கட்டி, புது மீன்பிடி போட்டுக்குச் செய்வது அப்படியே. எங்கள் குப்பத்தில் பூஜை போட்ட இன்ஜினை முதல் ஓட்டம் முடிகிறவரை யாரும் திறக்க மாட்டார்கள். திறந்தால் கடல் ஆள் கேட்கும் என்பார்கள்.

வீட்டுக்கு வந்து மெயில் பார்த்தால் இன்ஜின் கம்பெனியின் பாதுகாப்பு புல்லட்டின். கார்புரேட்டருக்குள் இருக்கும் மிதவைகளில் சில பெட்ரோலை உறிஞ்சி மூழ்குகின்றனவாம். மூழ்கினால் பெட்ரோல் பெருகி வழியும், இன்ஜின் மூச்சடைத்து நின்றுவிடும். அடுத்த முறை பறக்கும் முன் கழற்றிச் சோதிக்கவும். இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரையுள்ள இன்ஜின்களுக்கு. நம் இன்ஜின் சரியாக நடுவில்.

இரண்டு நாள் முன்னால் வந்து தொலைத்திருக்கக் கூடாதா, சனியன்.

பிப். 11, புதன்

வெயில். தலைவலி. ஷெட்டில் புல்லட்டினைப் படித்துக் காட்டினேன்.

தேவா: "பூஜ போட்ட இன்ஜின்ல ஸ்பேனர் வெக்கச் சொல்றியா? நீ இன்னா எனுக்கு அக்காவா, எமனா?"

"எமன் உள்ள குந்திகினு கீறான்டா. அதான் தொறந்து பாருன்றேன்."

உடனே சித்தப்பா கதை. பூஜைக்கு அப்புறம் இன்ஜினைத் திறந்தாராம், மூன்றாம் நாள் போட் கவிழ்ந்து செத்தாராம். கவிழ்ந்தது நிஜம். அன்றைக்கு அவர் குடித்திருந்த குடிக்குக் கப்பலே கவிழ்ந்திருக்கும். அதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"செத்தவரப் பத்தி வாய வுடாத மே" என்று வீட்டுக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். இன்னொரு கையில் ஸ்பேனர் இருந்தது. எறிந்தேன். முழங்காலுக்குக் கீழே, எலும்பில். நல்ல சத்தம். இப்போது எழுதும்போதும் துளி வருத்தம் இல்லை.

வாங்க வேண்டியவை: டிங்சர், பஞ்சு, புளி, ஷெட்டுக்குப் புது பூட்டு (தேவா உதைத்ததில் பழசு பிய்ந்துவிட்டது).

சாப்பிடும்போது அவரிடம் கேட்டேன். "கடல்ல இன்ஜின் நின்னா நங்கூரம் போட்டுட்டு துணிய ஆட்டலாம். மேல நின்னா இன்னாயா போடுவான்?" காலைத் தடவிக்கொண்டே மீன் முள்ளைப் பார்த்தார். இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டார்.

பிப். 12, வியாழன்

மதியம் லீவு. இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் கப்பல் பட்டறைக்கு வெல்டிங், தேவா காசிமேட்டுக்கு போட் இன்ஜின் ரிப்பேர். ஷெட்டில் நான் மட்டும்.

மஞ்சள் துணியைக் கத்தியால் அறுத்தேன். பயம்தான், மறைப்பானேன். மன்னிச்சுக்கோ தாயே, மன்னிச்சுக்கோ தாயே என்று சொல்லிக்கொண்டே கார்புரேட்டரைக் கழற்றினேன். மிதவைகளை ஒவ்வொன்றாக பெட்ரோல் ஊற்றிய ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். மற்றதெல்லாம் மிதந்தது. ஒன்று மட்டும் மெதுவாக, வெட்கமே இல்லாமல், அடியில் போய் உட்கார்ந்தது.

சாமான் விற்கிறவருக்கு போன். புது மிதவை வர மூன்று வாரம் ஆகுமாம்.

பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போது தேவா உள்ளே வந்தான். யாரோ சொல்லியிருக்கிறார்கள், உன் அக்கா ஷெட்டில் இருக்கிறாள் என்று. திறந்து கிடக்கும் இன்ஜினைப் பார்த்தான். அறுந்த துணியைப் பார்த்தான். அறைந்தான். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. இடுப்பில் தூக்கித் திரிந்த பிள்ளை. அந்தக் கை.

நான் சும்மா இருப்பேனா. முடியைப் பிடித்து ஒர்க் பெஞ்ச் விளிம்பில் மோதினேன். புருவம் பிளந்தது. அவன் பாட்டிலைத் தட்டிவிட்டான். கண்ணாடித் துண்டு, பெட்ரோல், இரண்டு பேர் ரத்தம். யாராவது பீடி பற்ற வைத்திருந்தால் எங்கள் குடும்பமே தீர்ந்திருக்கும்.

"மூய்கிச்சிடா! என் கண்ணால பாத்தேன்!"

"தொறந்துட்டியேக்கா... தொறந்துட்டியே" என்று தரையில் உட்கார்ந்து அழுதான். மிதவை மூழ்கியது அவன் காதில் ஏறவே இல்லை. நான் திறந்ததுதான் அவனுக்குச் சாவு.

தகடு வெட்டும் கத்தரியால் எல்லா மிதவையையும் அவன் கண்முன்னால் துண்டு போட்டேன். இனி எதை வைத்துப் பறப்பாய்? பாதி அழுகை, பாதி சந்தோஷத்தோடு வீட்டுக்கு நடந்தேன்.

பிப். 13, வெள்ளி

மேகம், மழை இல்லை. உதடு வீங்கி கத்தரிக்காய். சூப்பர்வைசர் கேட்டார். பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றேன். நம்பவில்லை, என் வீட்டுக்காரரைத் திட்டினார். அவர் இந்த ஒரு தடவை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது.

சாயங்காலம் தட்டு வைத்து உட்கார்ந்ததும் அவர்: "பிரச்சன தீந்துச்சு மே. காசிமேட்டாண்ட போட் இன்ஜின் மிதவ கெடச்சுது. தேவா அரம் போட்டு ராவி உள்ள போட்டுட்டான். கச்சிதமா குந்திகிச்சு."

"இன்னாது?"

"பாதி போட்டு அப்டித்தான் ஓடுது. நீ பதிவேட்ல மாத்தியாச்சுன்னு எய்தி ஒரு கையெய்த்து போட்டுடு. பரிசோதகர் அத்தான் பாப்பாரு."

குழம்புச் சட்டியைச் சுவரில் அடித்தேன். காலண்டர் சாமியின் முகமெல்லாம் மீன் குழம்பு. கை ஓங்கினார். என் உதட்டைப் பார்த்தார். கையை இறக்கிவிட்டார்.

"ஒயுங்கா கேளு மே. ஆறு வருசம் அவன் கல்யாணம் பண்ணிக்காம, ஒரு நாளு நல்ல துணி போடாம கட்னது. இந்த ஞாயித்துக்கெயம வுட்டா பரிசோதகரு எப்போ வருவாரோ."

"அவன் வுயுந்தா யாருயா வருவா?"

பரிசோதகரிடம் போட்டுக் கொடுக்கலாம். கொடுத்தால் விமானத்தின் அனுமதியே போய்விடும், திரும்பக் கிடைக்காது. தேவாவை மேலேயும் அனுப்பக் கூடாது, ஒரேயடியாகவும் அழிக்கக் கூடாது. வேறு வழி என்ன? பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அதே யோசனை. சுவரைத் துடைக்கவில்லை. அவர் துடைக்கட்டும்.

பிப். 14, சனி

வெயில் சுள்ளென்று. இறக்கைகளைக் கழற்றி முதலில் ஏற்றிவிட்டார்கள். ஓடுதளத்துக்குக் கொண்டுபோக லாரி ஷெட் வாசலில். உடம்புப் பகுதி மட்டும் பாக்கி, மூக்கில் ப்ரொப்பெல்லரோடு. தேவா புருவத்தில் பிளாஸ்திரி. என் முகம் பார்க்கவில்லை. புதுசாக மஞ்சள் துணி கட்டியிருந்தான்.

பதிவேட்டை நீட்டினான். "எய்து."

"மாட்டேன்."

"நானே எய்திக்குவேன்."

"எய்திக்கோ. அது மிதக்குமாடா?"

திரும்பி லாரிக்காரரோடு பேசப் போனான். அப்போதுதான் தோன்றியது. ப்ரொப்பெல்லர் மரக்கட்டை. உடைந்தால் வேறு செய்து வாங்கலாம். இன்ஜின் பிழைக்கும், விமானம் பிழைக்கும், இவனும் பிழைப்பான். ஆப்பு அடிக்கிற பெரிய சுத்தியல் சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

முதல் அடி சறுக்கிவிட்டது. இரண்டாவதில் நுனி பிளந்தது. கத்திக்கொண்டு ஓடிவந்தான். முடியைப் பிடித்து இழுத்தான். தலைத் தோல் பற்றி எரிய எரிய இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு அந்தப் பக்கம் அடித்தேன். சிலாம்பு தெறித்து அவன் கன்னத்தில் ஏறியது. கழுத்தைப் பிடித்தான். நிஜமாகவே பிடித்தான். கண் இருட்டியது. லாரிக்காரர் "யம்மா யம்மா" என்று அலறுவது எங்கோ கேட்டது.

பிறகு பிடி விட்டது. வீட்டுக்காரர் அவன் வயிற்றில் ஒரு குத்து விட்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து எனக்காக அவர் யாரையும் அடித்ததில்லை. அடித்துவிட்டு அவரே தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டார். "போச்சு. எல்லாம் நாஸ்தி."

இருமல் நின்றதும் பதிவேட்டை எடுத்து எழுதினேன். ப்ரொப்பெல்லர்: இரு முனையும் உடைந்தது, சுத்தியலால். கார்ப். மிதவை: போட்டிருப்பது இந்த இன்ஜினுடையது அல்ல. புல்லட்டின் நிறைவேற்றப்படவில்லை. பறக்கத் தகுதியில்லை. கையெழுத்து, தேதி.

தேவா தரையில் சிலாம்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான், ஒட்ட வைத்துவிடலாம் என்பதுபோல. அதைப் பார்க்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

பிப். 15, ஞாயிறு

கடல் காற்று. வானம் சுத்தம், ஒரு மேகமில்லை. பறக்க இதைவிட நல்ல நாள் கிடையாது.

தொண்டை வீக்கம். எச்சில் விழுங்கினால் உயிர் போகிறது. அவர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கழுத்தில் வைத்தார். சுவரையும் துடைத்திருந்தார். புது மிதவைக்குச் சொல்லியாச்சு, ப்ரொப்பெல்லர் செய்கிறவரிடம் நாளை பேச வேண்டும். வீட்டுக்காரரே பேசுவாராம்.

இந்நேரம் தேவா மேலே இருந்திருக்க வேண்டும். கீழே எங்கள் தெருவில் நிற்கிறான். குடித்திருக்கிறான். தெருவே வேடிக்கை பார்க்கிறது.

"வெளிய வாடி! உன்னக் கொல்லாம வுட மாட்டேன்! நீ எனுக்கு அக்காவே இல்ல!"

முதல் கல் ஓட்டில். அடுத்தது ஜன்னல் கண்ணாடியில். "போலீசுக்குப் போன் பண்ட்டா?" என்று அவர் கேட்டார். வேண்டாம் என்று கை காட்டினேன். அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது, இரண்டுக்கும் தொண்டை வலிக்கிறது. இன்னொரு கல். எறியட்டும். தரையில் நின்றுகொண்டுதானே எறிகிறான்.