சாவியைக் கேட்டு வாங்கியவனுக்கு

இன்று விடிகாலை நிலக்கோட்டைப் பூச்சந்தையில் நின்றிருந்தபோது, மல்லிகை வாசத்தைத் தாண்டி டீசலில் நனைத்த பழந்துணி வாடை மூக்கில் ஏறியது. யாருடைய வண்டியோ, யாரோ ஒருவர் அடியில் படுத்துக் கிடந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உன்னைக் கல்லறையில் வைத்துவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். ஆனாலும் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன், மாப்ள. அலுப்பாக இருக்கிறது.

விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று நீ ஊருக்கு வந்த நேரம், என்னிடம் பூ ஏற்றும் வேன்கள் சில சேர்ந்திருந்தன. ஒரே பெஞ்சில் படித்தவன், கூலியும் குறைவாகக் கேட்பான் என்று கணக்குப் போட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. “வண்டிய அனுப்புறவன் கையில சாவி இருக்கக் கூடாது. எங்கிட்ட இருக்கணும். சம்பளமும் நீ குடுக்காத, தங்கச்சி குடுக்கட்டும்” என்றாய். என் மனைவியை நீ தங்கச்சி என்றுதான் சொல்வாய். என் வண்டிக்கு நான் உன்னிடம் சாவி கேட்க வேண்டுமா என்று சிரித்தேன். “பைலட்டே எங்ககிட்ட கேட்டுத்தானப்பு வாங்குனாரு” என்றாய்.

பேருந்து நிலையத்து டீக்கடையில் அதை எனக்கு விளக்கினாய். ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், பராமரிக்கிறவர்கள் ஒரு பக்கம். விமானி பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கும்வரை விமானம் தரையில் வேலை பார்ப்பவர்களுடையது. அவர்களிலும் எஞ்சினுக்கு ஓர் ஆள், உடற்பகுதிக்கு ஓர் ஆள், மின்சாரத்துக்கு, ரேடியோவுக்கு, ஆயுதத்துக்கு என்று தனித்தனி. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. பழுது பார்த்தவரே சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது, மேலே ஒருவர் வந்து பார்க்க வேண்டும். பறப்பதற்கு முன்னும் பின்னும் ஓடுதளத்தருகே ஒரு பார்வை. கொஞ்சம் பெரிய வேலை என்றால் ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகை. எலும்பு வரைக்கும் பிரித்துப் போட வேண்டுமென்றால் அதற்கென்று தூரத்தில் ஒரு டிப்போ. ஒரு ஸ்பேனர் காணாமல் போனாலும் அது கிடைக்கும்வரை விமானம் கிளம்பாது. தொலைத்தவன் தானே வந்து சொன்னால் திட்ட மாட்டார்களாம். அது எனக்குப் புரியவில்லை. “சொன்னவனத் திட்டுனா அடுத்தவன் சொல்ல மாட்டான்ல” என்றாய்.

அதையே என் வேன்களுக்கும் செய்தாய். சந்தையில் தினம் ஒரு பார்வை, திண்டுக்கல் ஷெட்டில் வாராவாரம், பெரிய வேலைக்கு மதுரைப் பட்டறை. நம் மெக்கானிக் பாண்டி முடித்த வேலையை நீ பார்ப்பாய். நீ செய்ததை அவன் பார்ப்பான். எதற்கு இம்புட்டு ஆர்ப்பாட்டம் என்று எனக்கு எரிச்சல்தான்.

முகூர்த்தநாள் ஒன்றில் டிரைவர் சவரிமுத்து, பிரேக் மிதி கொஞ்சம் கூடுதலாக இறங்குகிற மாதிரி இருக்கிறது என்று உன்னிடம் சொன்னான். மூட்டையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. நீ சாவியைப் பையில் போட்டுக்கொண்டாய். சந்தையே பார்க்க உன்னிடம் கத்தினேன். பூவில் பாதி பஸ்ஸில் போனது, மீதி சென்ட் ஆலைக்கு அடிமாட்டு விலையில் போனது. உச்சிவெயில் வரை பிரேக்கைப் பிரித்து மேய்ந்தாய். ஒரு கோளாறும் இல்லை. “ஒண்ணுமில்லியாமே, ஏர்போர்ஸ்?” என்று குத்தினேன். கையைத் துடைத்துக்கொண்டே, “ஒண்ணுமில்லங்கிறது இப்பத்தான தெரியும்” என்றாய். அன்று வீட்டுக்குப் போய் உன் சம்பளத்தைப் பிடிக்கச் சொன்னேன். “அண்ணன் எங்கிட்டல்ல வேலை பாக்குறாரு” என்று சொல்லிவிட்டு என் மனைவி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

உன்னை நிறுத்தாமல் விட்டது நட்புக்காக இல்லை. அதற்குப் பிறகு டிரைவர்கள் தாங்களாகவே வந்து, அது இழுக்கிறது, இது சத்தம் போடுகிறது என்று உன்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். வழியில் வண்டி நிற்பது குறைந்தது. எனக்கு லாபம், அதனால் விட்டேன்.

நீ போனதும் சாவிக்கொத்து என் பைக்கு வந்தது. வசதியாகத்தான் இருந்தது. வண்டிகள் சொன்ன நேரத்துக்குக் கிளம்பின. டிரைவர் எவனும் ஒரு குறையும் சொல்லவில்லை. வண்டிகள் நன்றாக இருக்கின்றன என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அகரம் பக்கம் சவரிமுத்து வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை. எதிரே பள்ளிக்கூட ஆட்டோ. ஒடித்துத் திருப்பித் தென்னந்தோப்பு வேலிக்குள் விட்டிருக்கிறான். குழந்தைகளுக்கு ஒன்றுமில்லை, அவனுக்குக் கை முறிந்தது. ஏன்டா முன்னாடியே சொல்லவில்லை என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். “ரெண்டு நாளாவே சரியா பிடிக்கல மொதலாளி. ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்றது? நீங்கதான வெரசா கெளம்புங்கிறீங்க.” சொல்லிவிட்டு அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் சாவிகளைப் பாண்டியிடம் கொடுத்தேன். அவனைவிட நல்ல வேலைக்காரர்கள் திண்டுக்கல்லில் கிடைப்பார்கள். ஆனால் என் முகத்துக்கு நேரே பேசுகிறவன் அவன் ஒருவன்தான். சம்பளம் இனி என் மனைவி கையால்.

நேற்று அவன் ஒரு வண்டியை நிறுத்திவிட்டான். “டயர் சரியில்ல மொதலாளி, இன்னைக்கு இது போகாது” என்றான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தலைக்கு ஏறியது. கோபம் மாறவே இல்லை, மாப்ள, இந்த வயதுக்கு மேல் மாறப்போவதும் இல்லை. திருச்சி வியாபாரிக்குப் போன் போட்டு, பூ வர நேரமாகும் என்றேன். அவர் திட்டினார். கேட்டுக்கொண்டேன். சாவி பாண்டி பையிலேயே இருந்தது.