புனுகுக் கூண்டுகள்

அக்கா,

நேற்று தருமபுரியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் புனுகுச் சிமிழைத் திறந்தார்கள். அந்தக் காட்டமான மணம் மூக்கில் ஏறியதும் நான் வாங்க வந்த மருந்தின் பெயரே மறந்துபோனது. உங்களிடம் பேச வேண்டும்போல் இருந்தது, எழுதுகிறேன்.

என் கணவரின் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், தொப்பூர்க் கணவாயில் லாரி கவிழ்ந்து இறந்தபோது உங்களுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டு பெண் குழந்தைகள். மழை பெய்தால் மட்டும் கேழ்வரகு விளையும் மேட்டு நிலம். மறு வருடம் கோழிக்கூட்டில் புகுந்த புனுகுப் பூனையை நீங்கள் அடித்துக் கொல்லவில்லை. சாக்கைப் போட்டு அமுக்கிப் பிடித்தீர்கள். மூங்கில் கூண்டு, நடுவில் ஒரு கட்டை. பூனை அதில் உரசிவிட்டுப் போகும் பிசுக்கைக் காலையில் வழித்தால் அதுதான் புனுகு. அறுபதுகள் முடியும்போது பாப்பாரப்பட்டி வீட்டின் பின்புறம் ஆறு கூண்டுகள் இருந்தன. 'பூனை மேய்க்கிறவ' என்று ஊர் சிரித்தது.

"சிரிக்கட்டும். எம் பொண்ணுங்க பள்ளிக்கூடம் போவுதுங்கல்ல?" என்றீர்கள்.

சேலத்திலிருந்து வந்து வாங்கிப்போன வியாபாரிக்கு அது போதவில்லை. "திரும்ப முடியாத அளவுக்குக் கூண்ட சுருக்குங்க. கரண்டி வச்சு வழிச்சா ரெட்டிப்பா வருங்க" என்றார். ஒரு கோடை முழுக்க அப்படிச் செய்தோம். நான் பின்னங்கால்களைப் பிடிப்பேன், நீங்கள் அதன் வாலடிப் பையிலிருந்து கரண்டியால் வழிப்பீர்கள். ஒருநாள் பெட்டைப் பூனை தன் பாதத்தையே கடித்துக் குதறியிருந்தது. இரண்டு நாளில் செத்தது. நீங்கள் கரண்டியைக் கிணற்றில் எறிந்தீர்கள்.

"ஒரு உசுருதானுங்க அக்கா, வேற புடிச்சிக்கலாம்" என்றேன் நான்.

"நம்ம வூட்டுக் கஷ்டத்துக்கு அது ஏன் காலக் கடிச்சிக்கணும்? இன்னையோட சரி."

வியாபாரி வருவதை நிறுத்திக்கொண்டார். நீங்கள் கூண்டுகளைப் பெரிதாக்கினீர்கள். கட்டையில் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, சேலத்தில் கடை கடையாக நின்று விற்றீர்கள். மூத்தவள் ஆசிரியர் பயிற்சி முடித்தாள்.

எழுபதுகளில் சட்டம் வந்தது. காட்டு உயிர்களை வளர்க்கக் கூடாதென்று வனத்துறைக்காரர் சொல்லிவிட்டுப் போனார். பங்காளி ஒருவர் தன் தோட்டத்துக் கொட்டகையில் மறைத்துவைக்க இடம் தருவதாகச் சொன்னார். எனக்கு ஆசைதான், இளையவள் இன்னும் எட்டாம் வகுப்பைத் தாண்டவில்லை.

"ஒளிச்சு வச்சா மறுபடியும் சின்னக் கூண்டுதான். வேணாம்" என்று சொல்லி, ஐந்தையும் மாட்டு வண்டியில் ஏற்றினீர்கள்.

பென்னாகரம் காட்டோரத்தில் நான்கு கூண்டுகளை நீங்களே திறந்தீர்கள். நான்கும் திரும்பிப் பாராமல் ஓடின. ஐந்தாவது கூண்டின் முன் ஒதுங்கி நின்று, "இத நீ தொற" என்றீர்கள். கதவைத் தூக்கினேன். அது வெளியே வரவில்லை. "நாம பாத்துக்கிட்டிருந்தா வராது, திரும்பிக்க" என்றீர்கள். வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது கூண்டு காலியாக இருந்தது. மறுவாரமே நீங்கள் புளி தட்டும் கூலிக்குப் போனீர்கள். இளையவளின் படிப்பு ஒருநாள்கூட நிற்கவில்லை.

பெட்டைப் பூனை செத்த அன்று நான் சொன்னதை நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. இப்போதெல்லாம் நம் வீட்டில் யாராவது குறுக்குவழி ஒன்றைச் சொன்னால், "வேணாம்" என்று முதலில் எழுகிற குரல் என்னுடையது. அந்தக் குரல் எனக்கு நீங்கள் கொடுத்தது, அக்கா.