நல்ல பழுப்பு

தம்பி,

இன்று மத்தியானம் பள்ளிக்கூட வாசலில் ஒருவன் மாம்பழக் கூடையை இறக்கி வைக்கோலை விலக்கினான். உடும்பஞ்சோலையில் எந்த வாசனையும் ஏலக்காயை மீறி எழுவதில்லை. இது எழுந்தது. முதலமடைப் பழம் என்றான், நம் ஊர்ப் பழம். ஆசிரியர் அறையில் நறுக்கிப் பங்கு வைத்தார்கள். என் பக்கம் நீட்டவே இல்லை. சாருக்குச் சர்க்கரை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் நீ இருந்திருந்தால், உனக்கும் சர்க்கரை என்று தெரிந்தே, பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து நீட்டியிருப்பார்கள். உன் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. என் ஆயுளில் பாதி அதைப் பார்த்தே கழிந்தது.

அப்பாவுக்கும் வாய் வரவில்லை. தோப்பு முழுவதையும் உன் பெயருக்கு எழுதியபோது, "பெரியவனுக்குப் படிப்பு இருக்குது, சின்னவனுக்கு என்ன இருக்குது" என்றார். மூத்த மகனான நான் பி.எஸ்ஸி. முடித்து, சொந்த மண் இல்லாதவனாக மலையேறி, எஸ்டேட் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க வந்து சேர்ந்தேன். நமக்குள் சமமாகப் பிரிந்தது ஒன்றுதான்: அம்மாவின் சர்க்கரை வியாதி.

அதிலும் நீதான் சொகுசாக இருந்தாய். நான் இனிப்பை விட்டேன், அரிசிச் சோற்றைக் குறைத்தேன், மாத்திரை தவறவிட்டதில்லை. லீவுக்கு ஊருக்கு வரும்போதுகூட நீல மருந்தும் சோதனைக் குழாய்களும் என் பெட்டியில் வரும். ஒருமுறை கிணற்றடியில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, நம் இருவர் சிறுநீரையும் அந்த மருந்தோடு காய்ச்சிக் காட்டினேன். சர்க்கரை இல்லாவிட்டால் நீலம் அப்படியே நிற்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. நிறைய இருந்தால் செங்கல் நிறம். என்னுடையது லேசான பச்சை, உன்னுடையது செங்கல். வாழ்க்கையில் ஒன்றிலாவது உன்னை முந்தினேன் என்று நிமிர்ந்து நின்றேன். நீ இரண்டு குழாய்களையும் வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, காய் பறிக்க வந்தவர்களைக் கூப்பிட்டாய்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. அண்ணனுது இன்னும் காயி. என்ரது கனிஞ்சே போச்சு."

தோப்பே சிரித்தது. விஞ்ஞானம் என்னுடையது. சிரிப்பு உன்னுடையதாகிவிட்டது.

எமர்ஜென்சி முடிந்து பஸ்கள் பழையபடி தாமதமாக வரத் தொடங்கியிருந்த கோடை அது. காளைக்கு லாடம் கட்டிய இடத்தில் கிடந்த ஆணி ஒன்று உன் செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருந்தது. பகலெல்லாம் அதோடு நடந்திருக்கிறாய். சாயங்காலம் செருப்பு கழல மறுத்தபோதுதான் குனிந்து பார்த்தாய். சர்க்கரை முற்றினால் காலில் உணர்ச்சி மங்கிவிடும் என்று நான் சொல்லியிருந்தேன். "வலிக்காத புண்ணெல்லாம் ஒரு புண்ணுங்களாண்ணா" என்று நீ கேட்டாய். லீவு பாதி கழிந்தும் அது ஆறவில்லை. நாற்றம் எடுத்த பிறகு, நான் அம்மிணி என்று கூப்பிடும் உன் மனைவி, டவுனில் இருந்த மலையாளி டாக்டரிடம் உன்னை இழுத்துக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து, பெண் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி சந்தோஷமாகக் கட்டிலில் உட்கார்ந்தாய்.

"டாக்டர் அமுக்கிப் பாத்தாருங்கண்ணா. நல்ல பழுப்புண்டுன்னாரு. நல்லாப் பழுத்துப்போச்சாம். இனி உடையும், உடைஞ்சா ஆறிப்போயிரும்."

பழுப்பு என்றால் மாந்தோப்புக்காரனுக்கு வேறென்ன தோன்றும்? கட்டி பழுத்தால்தான் உடையும், உடைந்தால்தான் ஆறும் என்பது நம் வீட்டு வைத்தியமும்தான். உன் மலையாளம் சந்தை மலையாளம். விலை பேசவும் லாரிக்காரனோடு சண்டை போடவும் அது போதும். நான் மலையாள ஆசிரியர்களோடு ஒரே அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்தவன்.

"டேய், அவங்க பாஷையில பழுப்புன்னா சீழு. நல்லன்னா நெறைய. உள்ள நெறையச் சீழ் இருக்குதுன்னு சொல்லியிருக்காரு. வேறென்ன சொன்னாரு?"

"ஹார்ட்டையும் நோக்கணும்னாரு. கோயமுத்தூருக்குப் போயிக் காட்டோணுமாம். கால்ல புண்ணு, நெஞ்சை எதுக்குங்க பாக்கறது? எனக்கு முந்தி வந்த கெழவனோட என்னைக் கொழப்பிட்டாரு போல."

"நாளைக்கே கெளம்பு. நானும் கூட வர்றேன்."

நீ என்னைப் பார்க்கவில்லை. வாசலில் கூடைகளுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாய். "என்ர தோப்புல எது பழுத்தாலும் அண்ணனுக்கு வயிறெரியுதுங்க" என்றாய்.

அவர்கள் சிரித்தார்கள். அம்மிணிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். ஆனால் அது விளையாட்டில்லை என்று ஊருக்கே தெரியும். பொறாமைக்காரன் கையில் இருக்கும் உண்மை செல்லாத காசு. மறுநாள் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

காய் இறங்கி முடிவதற்குள் நீ போய்விட்டாய். வேர்க்கிறது என்றாயாம். மோர் கேட்டாயாம். மரத்தடியில் துண்டை விரித்துச் சாய்ந்தாயாம். நெஞ்சைப் பிடிக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. மோர் வந்தபோது நீ இல்லை.

நான் வந்து சேர்ந்தபோது வாசல் கொள்ளாத கூட்டம். "புண்ணியவான், நோவு தெரியாமப் போய்ச் சேந்துட்டான்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு அந்தச் சாவின் மேலும் பொறாமை வந்தது. அதை மறைக்க எனக்கு அவசியம் இல்லை. பந்தலுக்கு வெளியே, நமக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர், என் காதில் விழட்டும் என்றே பேசினார்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க? அதுவும் கூடப் பொறந்த கண்ணு."

உன்னைக் காப்பாற்றப் பார்த்தவன் நான் ஒருவன். உன்னைக் கொண்டுபோன பெயரும் எனக்கே வந்தது. அந்தப் பெரியவரோடு இன்றுவரை பேசவில்லை. இனியும் பேசப்போவதில்லை.

போன மாதம் மேடேறும்போது எனக்கு நெஞ்சு வலித்தது. கோயமுத்தூருக்குப் போனேன். நீ போயிருக்க வேண்டிய பஸ்ஸில் நான் போனேன் என்று வைத்துக்கொள். டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, "வலி தெரியறது ஒரு விதத்துல நல்லதுங்க" என்றார். "சர்க்கரைக்காரங்க சில பேருக்கு நரம்பு மரத்துப்போயி, மாரடைப்பு வந்தாலும் வலிக்காது. வேர்க்கும், களைப்பா இருக்கும், அவ்வளவுதான்."

உன் கதையைச் சொன்னேன். புண்ணில் சீழ் பிடித்ததற்கு அந்த மலையாளி டாக்டர் எதற்காக நெஞ்சைப் பார்க்கச் சொன்னார் என்று கேட்டேன்.

"இதைப் புஸ்தகத்துல இன்னும் முழுசா எழுதலைங்க. நான் நெறையப் பேரைப் பாத்ததுல எனக்குப் படறதைச் சொல்றேன். தோப்புல திருடன் பூந்தா காவலாளுங்க பந்தத்தைக் கொளுத்திட்டு ஓடுவாங்கல்ல? திருடன் போனதும் அணைச்சிரோணும். கிருமிதான் திருடன், ரத்தத்துல இருக்கிற வெள்ளணுங்கதான் காவல். சர்க்கரை இருக்கிற உடம்புல திருடனும் சீக்கிரம் போறதில்ல, இவங்களும் அணைக்கறதில்ல. எரியற பந்தத்தோட ரத்தக் குழாய் பூரா சுத்தறாங்க. குழாய்ச் சுவரு வெந்து, வீங்கி, அடைச்சுக்குது. புண்ணு கால்லதான். தீ நெஞ்சு வரைக்கும் போகுது."

ஆகக் கண்ணடி இல்லை. உன் உடம்பின் காவலே உன்னை எரித்திருக்கிறது. அங்கிருந்து நேராக உன் வீட்டுக்குப் போனேன். அம்மிணி பின்கட்டில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் அவளிடம் சொன்னேன். 'நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி' என்று அந்த வீட்டில் ஒரு வாயாவது சொல்லக் கேட்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அவள் கொட்டைகளை ஒதுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு, "அவருக்கு அன்னிக்கே தெரியுமுங்க மாமா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீங்க கோவிச்சுட்டுப் போனீங்கல்லங்க, அதுக்கப்பறம் சோறு திங்கறப்பச் சொன்னாரு. 'அண்ணன் படிச்சவரு, அவரு சொன்னா மெய்யாத்தான் இருக்கும். ஆளுங்க முன்னால அப்படிப் பேசியிருக்கக் கூடாது. காயி எறங்கட்டும், அண்ணனை வரச்சொல்லி அவருகூடயே கோயமுத்தூர் போறேன்'ன்னாரு." கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "உங்களுக்குக் கடுதாசி போட்டிருப்பாருன்னு நெனச்சனுங்க. போடலீங்களா?"

போடவில்லை. சிரித்ததை ஊருக்கு முன்னால் எனக்குக் கொடுத்தாய். நம்பியதை அடுப்படியில் அவளுக்குக் கொடுத்தாய். அவளுக்கு அது வெறும் பேச்சு. எத்தனையோ பேச்சில் ஒன்று. அவளிடம் உன் பேச்சு ஒரு வீடு நிறைய இருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு ஏறும் பாதையில் இப்போதும் நெஞ்சு பிடிக்கிறது. அப்போதெல்லாம் நின்று, "அண்ணன் படிச்சவரு" என்பதை உன் குரலில் ஒருமுறை கேட்டுவிடப் பார்க்கிறேன். வருவதென்னவோ அம்மிணியின் குரல்தான்.