கண்வலிக்குச் சம்பளம்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். அம்மாவின் மூட்டுவலி தேவலையா? நான் நலம், கண் மட்டும் சிவப்பு.

போன மாதம் எங்கள் பிஸ்கட் கம்பெனியில் ஒருவர், லீவு போட்டால் சம்பளம் போய்விடுமே என்று கண்வலியோடு வேலைக்கு வந்தார். நான்கே நாளில் என்னைத் தவிர எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டு மெஷின் நின்றது. முதலாளியையும் விடவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு வந்து, "இனிமே உடம்பு முடியலன்னா வீட்லயே இருங்க, சம்பளம் வந்துடும். எனக்கு அதுதான் லாபம்" என்றார்.

அரசாங்கம் எதைக் கொடுத்தாலும், "சும்மா குடுத்தா ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்க" என்பீர்களே. இப்போது கண்வலியில் என் முறை. மூன்று நாளாகச் சம்பளத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வேலையே தேவலை அப்பா.

பதிலைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள், நீளமாகவும். சொட்டு மருந்து விடும் நேரம், முடிக்கிறேன். இது ஒட்டுகிற வியாதி, கடிதத்தில் என் கை பட்டிருக்கிறது. படித்ததும் முதலில் கையைக் கழுவுங்கள், அப்புறம் கண்ணைத் துடையுங்கள்.

உங்கள் மகன்